மீஞ்சூரில் ஒரு நிமிஷம் நிற்கும் வண்டி

கண்ணு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கேட்கிறேன். நீ "ம்" என்கிறாய். "சாப்டியா?" என்கிறேன். அதற்கும் "ம்". பிறகு நீ, "பிரஷர் மாத்திர போட்டியா?" என்பாய், நான் "ம்" என்பேன். ஆறு வருஷமாக நாம் இரண்டு பேரும் "ம்" போட்டே உறவு வளர்த்து வந்திருக்கிறோம். போன ஞாயிறும் அப்படித்தான். எனக்கு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. வாய் வரைக்கும் வந்தது. அதற்குள், "சரிம்மா, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. முப்பது வருஷமாக வகுப்பறையில் கத்திக் கத்திப் பழகிய எனக்கு, பெற்ற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்க வரவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஆய்வேட்டை இந்த மாதக் கடைசிக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். எட்டு வருஷம் ஆகிவிட்டது, இரண்டு தடவை கெடு நீட்டிக் கொடுத்துவிட்டார்கள், இனி நீட்ட மாட்டார்கள். அதில் ஒரு அத்தியாயம் முழுக்க ஒரு பையனைப் பற்றியது. பேர் கிடையாது, எண் மட்டும்தான். எண் நாற்பத்தொன்று. அந்தப் பையன் நீ. இது எனக்கே ஒன்றரை மாதத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. நீ வேண்டாம் என்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுவேன். எடுத்தால் மிச்சம் நிற்காது என்று என் கைடு சொல்கிறார். நிற்காவிட்டால் போகட்டும். போகட்டும் என்று எழுதவே கை கூசுகிறது. அந்த ஒரு வார்த்தையால்தான் நம் வீட்டில் இவ்வளவும் ஆயிற்று. அதை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இந்தக் கடிதத்தில் யார் பேரையும் எழுதப் போவதில்லை. உன் பேரையும்தான். எட்டு வருஷமாகப் பேர் இல்லாமல் எழுதியே பழகிவிட்டது. நாளைக்கு இதை வேறு யார் எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. தப்பு செய்தவள் யார் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

ஐம்பத்தோரு வயதில் எனக்கு எதற்கு டாக்டர் பட்டம் என்று ஊரே கேட்டது, உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அத்தை வலையைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு பொத்தல் அடைத்தபடியே, "இன்னா அண்ணி, ஊசி போடற டாக்டரா?" என்றாள். "இல்லம்மா, இது படிப்பு டாக்டரு" என்றேன். "அப்ப காய்ச்சல் வந்தா உன்னாண்ட வந்து இன்னா பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். எதற்குப் பட்டம் என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது. பொன்னேரியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். என் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பிள்ளை மேடையில் படம் காட்டி, மீனவப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை கிடையாது, அதனால்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, "எந்தக் குப்பத்துல போய்க் கேட்டீங்க?" என்றேன். அது சிரித்துக்கொண்டே, "நீங்க ஆராய்ச்சி பண்ணிச் சொல்லுங்க மேடம், கேட்டுக்கறோம்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்து கோட்டைக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான், எனக்கே சொல்கிறாயா என்ற ஆத்திரத்தில்தான் விண்ணப்பம் போட்டேன். அறிவுத் தாகம் அது இது என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் சும்மா. வெறும் ரோஷம்.

வேலையும் பார்த்துக்கொண்டு படிப்பது என்றால் என்னவென்று நீ பக்கத்தில் இருந்து பார்த்தவன். வாரம் ஐந்து நாள் பள்ளிக்கூடம், சனிக்கிழமையானால் பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயில். ரயிலில் படிப்பேன், பஸ்ஸில் கண்ணை மூடி ஒப்பிப்பேன். என் கைடு எனக்குப் பதினைந்து வயது இளையவர், அவர் முன்னால் நான் நோட்டைக் கட்டிக்கொண்டு நிற்பேன். லைப்ரரியில் பிள்ளைகள் என்னை யாரோ ஸ்டாஃப் என்று நினைத்து எழுந்து வணக்கம் சொல்லுவார்கள். பேச்சுத் துணைக்கு அங்கே யாரும் கிடையாது. இங்கே வந்தால் நான் என்ன படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள யாரும் கிடையாது. அங்கேயும் ஒட்டவில்லை, இங்கேயும் ஒட்டவில்லை. இதைப் படிப்புக்குக் கொடுக்கும் விலை என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன். வீட்டில் மற்றவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் வருஷம், நீ பதினொன்றாவது படிக்கும்போதுதான் உன் நைனா படகில் வழுக்கி விழுந்தார். முதுகில் அடி. நிமிர்ந்து உட்காரவே ஒரு மாதம் ஆயிற்று. ஏரியில் அவருடைய முறை வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் எந்தக் குழு வலை கட்டுவது என்று ஊர் பிரித்து வைத்திருப்பதைத்தானே பாடு என்கிறோம். முறை வந்த நாளில் குழுவின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆண் ஒருவர் படகில் இருக்க வேண்டும், கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது, அடுத்தடுத்து மூன்று முறை தவறினால் பேரை எடுத்துவிடுவார்கள். இது நம் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அவர் பாயில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி, "பாடு வருது டீச்சரு" என்றார். நான் பரீட்சைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "போனா போவட்டும்யா. என் சம்பளம் இருக்குதில்ல" என்றேன். ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். நீ கதவருகே நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாய். இரண்டு நாள் கழித்து அவரே, "ம், தம்பி பாத்துக்கறான்னு சொல்லிட்டான்" என்றார். உன் சித்தப்பா படகில் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள், பிரச்சினை தீர்ந்தது என்று நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் பேட்டி எடுக்க ஆரம்பித்தபோது கோட்டைக்குப்பத்தில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்து போனார்கள். கேள்வித்தாளை வைத்துக்கொண்டு போனில் பதிவு செய்வேன். ஒருநாள் சாயங்காலம் உன் நைனா தலைக்கு எண்ணெய் தடவி வாரி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு என் எதிர் நாற்காலியில் மெதுவாக வந்து உட்கார்ந்தார். "எங்கியா கிளம்பற?" என்றேன். "எங்கயும் இல்ல. ஊர்ல அத்தினி பேர கேக்கறியே, என்னக் கேக்க மாட்டியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ வூட்டு ஆளுய்யா, உன்ன சேத்தா ஒத்துக்க மாட்டாங்க" என்றேன். "அப்டியா" என்று எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஆராய்ச்சி விதிப்படி நான் சொன்னது சரிதான். ஆனால் பதிவு செய்யாமல் சும்மாவாவது கேட்டிருக்கலாம். அவரிடம் சொல்ல ஏதோ இருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

பிறகு உன் பன்னிரண்டாவது ரிசல்ட். இரண்டு பாடத்தில் போய்விட்டது. அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்பவள் என்ன தப்பு என்று சொல்லாமல் கேட்டால் அது கள்ளத்தனம். "ஊரான் பிள்ளைங்க ஏன் படிக்கலன்னு ஆராய்ச்சி பண்றேன், என் வூட்லயே ஒரு தறுதலய வெச்சுக்கினு. உன்னப் பத்தி வெளிய சொல்லவே வெக்கமா கீது" என்றேன். உன் நைனாதான், "டீச்சரு, வுடு" என்றார். "நீ சும்மா இரு, நீ குடுத்த எடம்" என்று அவரையும் அடக்கினேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாய், வேண்டாம் என்பதுபோல. அதை நான் பார்த்தேன் கண்ணு. பார்த்தும், அப்பனும் பிள்ளையும் எனக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த வாரமே நீ மீஞ்சூரில் சிநேகிதன் ரூமுக்குப் போனாய், கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய். தானாகப் பசித்தால் வருவான் என்று அண்டை வீட்டில் வீராப்பாகச் சொன்னேன். நீ வரவில்லை.

நைனா போய் மூன்று வருஷம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நீயும் பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். உன் கல்யாணத்துக்கு நான் வந்து விருந்தாளி மாதிரி இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். தனியாக இருக்கிறேன் என்று சொன்னால் உனக்கு என்ன தெரியும்? பள்ளி விட்டு வந்து பூட்டைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். யாராவது அதை நகர்த்தி வைத்திருக்கக் கூடாதா என்று கோபம் வரும். யார்மேல் கோபப்படுவது? சாயங்காலம் சமைக்கும்போது போனில் அந்தப் பழைய பேட்டிகளைப் போட்டுவிடுவேன். "எங்க பொண்ணு எட்டாவது வரிக்கும் போச்சு டீச்சர்" என்று யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டே "ம், அப்புறம்?" என்பேன். பதிவில் இருக்கும் நானும் அதே இடத்தில் "ம், அப்புறம்?" என்பேன். நாற்பது ஐம்பது குரல் இருக்கிறது அதில். உன் நைனா குரல் மட்டும் இல்லை. ஒரே ஒரு இடத்தில், பக்கத்து வீட்டுக்காரர் பேட்டியில், பின்னால் யாரோ இருமுகிறார்கள். அது அவர்தான். அந்த இடம் வந்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் திட்டுவாய். சனிக்கிழமை வண்டி மீஞ்சூரில் ஒரு நிமிஷம் நிற்கும். உன் வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆறு வருஷமாக ஜன்னலோரம் உட்கார்ந்து பிளாட்பாரத்தைப் பார்த்தபடியே போகிறேன், வருகிறேன். ஒருமுறை உன் மாதிரியே ஒருவன் டீ குடித்துக்கொண்டு நின்றான், எழுந்து வாசல் வரை போய்விட்டேன். வண்டி நகர்ந்துவிட்டது. அது நீ இல்லை. ஒருநாளும் இறங்கியதில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்ற வீம்பு. படிப்பு ஏற ஏற வீம்பும் கூடவே ஏறியது.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். நான்கு பள்ளிக்கூடங்களின் பழைய வருகைப் பதிவேடுகளை ஆராய்ச்சிக்கு எடுத்தேன். மாணவர் பேர் எனக்குத் தெரியக் கூடாது என்பது விதி. பள்ளி எழுத்தரே பேரை மறைத்து எண் போட்டுப் படி எடுத்துக் கொடுத்தார். நீ படித்த பள்ளியும் அதில் ஒன்று என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நீ படிப்பில் மட்டம், பள்ளிக்குப் போவதில் மட்டம் இல்லை என்று நானே தீர்மானம் செய்து வைத்திருந்தேன். தினமும் பை மாட்டிக்கொண்டு கிளம்பியதை என் கண்ணால் பார்த்தவள் ஆயிற்றே. உனக்கு முன்னால் நான் பஸ் ஏறிவிடுவேன் என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டேன். பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஊரின் பாடு வரிசையை வைத்து, பிள்ளைகள் வராத நாளையெல்லாம் சிவப்பு மையால் சுழித்துப் பார்த்தேன். பல பேருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொருந்தியது. நாற்பத்தொன்றுக்கு மட்டும் அச்சு அசலாகப் பொருந்தியது. ஒரு குறிப்பிட்ட குழுவின் முறை எந்தெந்தப் பள்ளி நாளில் வந்ததோ, அந்தந்த நாளில் அவன் வரவில்லை. மற்ற நாள் ஒன்றில்கூட லீவு கிடையாது. இரண்டு வருஷம் இப்படி. உன் சித்தப்பா படகு இருக்கும் குழுதான் அது. அதில் பத்து வீடு, பக்கத்துத் தெருப் பையன்களில் யாரோ ஒருவன் என்று நினைத்தேன். என் கைடு அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "மேடம், இந்தப் பையன்தான் உங்க தீசிஸ்" என்றார். சந்தோஷத்தில் அன்று ரயிலில் எனக்குக் காலே தரையில் படவில்லை.

அவனைப் பற்றி நான் எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "இந்த மாணவனின் வீட்டில் கல்வியின் அருமை தெரிந்தவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை." கைடு அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு "நன்று" என்று எழுதினார். பொன்னேரி மேடையில் நின்று அந்தப் பிள்ளை சொன்னதும் இதுதானே? எட்டு வருஷம் சுற்றி வந்து அதே இடத்தில் நின்று அதையே நானும் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அத்தியாயம் முழுமையாக வேண்டுமென்றால் அந்தப் பையனை நேரில் பார்த்துப் பேச வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தோடு பள்ளிக்குப் போனேன். இப்போதிருக்கும் தலைமை ஆசிரியர் புதியவர், மரியாதையான மனிதர். எழுத்தரைக் கூப்பிட்டுப் பழைய பதிவேட்டை எடுக்கச் சொன்னார். பக்கத்தைப் புரட்டினார், விரலை வைத்தார், நிறுத்தினார். "டீச்சர், மொதல்ல டீ சாப்புடுங்க" என்றார். "டீ இருக்கட்டும் சார், பையன் யாரு? இப்ப எங்க இருக்கான்?" என்றேன். அவர் பதிவேட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "உங்க பையன்தான் டீச்சர்."

நான் அழவில்லை. நம்பவும் இல்லை. எண்ணை மாற்றி எழுதியிருப்பீர்கள் என்று எழுத்தரோடு சண்டை போட்டேன். பாவம் அந்த மனிதர், உள்ளே போய் ஒரு பழைய கட்டை எடுத்து வந்து தூசி தட்டி மேஜைமேல் வைத்தார். உன் லீவு லெட்டர்கள். எல்லாம் உன் நைனா கையெழுத்து. ஐந்தாவது வரை படித்த மனிதர், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதுவாரே, அதே எழுத்து. ஐயா, என் மகனுக்குக் காய்ச்சல். ஐயா, என் மகனுக்கு வயிற்று வலி. ஐயா, பல் வலி. இருபத்தெட்டு வருஷ வாழ்க்கையில் அவர் எனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. செத்துப்போன மனிதரின் கையெழுத்தை அவ்வளவு மொத்தமாக ஒரே இடத்தில் அன்றுதான் பார்த்தேன். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். நோயெல்லாம் எழுதித் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, ஒன்றில் மட்டும் நிஜத்தையே எழுதிவிட்டார். "ஐயா, என் மகன் இன்று வர முடியாது. அவன் அம்மாவுக்கு இன்று பரீட்சை." அங்கேதான் உடைந்தேன். டீயை என் கையில் கொடுத்துவிட்டுத் தலைமை ஆசிரியர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அன்றைக்கே உன் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல், "பாட்ட யாரு பாத்துக்கிட்டது?" என்றேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. எத்தனையோ வருஷமாக யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தவர் மாதிரி சொன்னார். "நீங்கதான போனா போவட்டும்னு சொன்னீங்க அண்ணி. அன்னிக்கி அண்ணன் சோறு துன்னல. பொண்டாட்டி சம்பளத்துல குந்திக்கினு கீறான்னு ஊர்ல பேசறது அவருக்குத் தெரியாதா? இருக்கறது அந்த ஒரு பேரு, அதும் போவட்டும்னா எப்டி? மறுநாளு பையன் என்னாண்ட வந்து நின்னான். சித்தப்பா, எங்க நைனா பேர எடுத்துடாதீங்க, நான் வரேன்னான். பெரியவங்க யோசிச்சாங்க. சின்னப் பையன். ஆனா வூட்டு ஆம்பளதான? சரின்னுட்டாங்க. ஒரே ஒரு கண்டிசன் போட்டான் அண்ணி. அம்மாக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா படிப்ப வுட்டுடும்னு." உன் பள்ளிக்கூடப் பையைப் படகில் தார்ப்பாய்க்குள் சுற்றி வைப்பாயாம். இறால் கொட்டிய கையோடு அவர் வீட்டிலேயே குளித்துவிட்டு, பள்ளி விடும் நேரத்துக்கு யூனிஃபார்மில் வருவாயாம். "பேரு எப்ப போச்சு?" என்று கேட்டேன். "அவன் மீஞ்சூருக்குப் போனப்புறம் மூணு மொற தவறிச்சு. எடுத்துட்டாங்க" என்றார். ஆக, உன்னைத் துரத்தி அவர் பேரையும் நானே எடுத்திருக்கிறேன். அதற்கப்புறம் மூன்று வருஷம் என்னோடு அதே வீட்டில் இருந்தார். ஒரு நாள், ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொல்லவில்லை.

ஒன்றரை மாதமாக ஒரு கேள்வியை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்போதே தெரிந்திருந்தால் நான் படிப்பை விட்டிருப்பேனா? உனக்காவது நிஜத்தைச் சொல்கிறேன். விட்டிருக்க மாட்டேன். உன்னைத் திட்டியிருப்பேன், உன் நைனாவோடு சண்டை போட்டிருப்பேன், சித்தப்பா வீட்டு வாசலில் நின்று மானத்தை வாங்கியிருப்பேன். ஆனால் சனிக்கிழமை பஸ் பிடித்திருப்பேன். நான் நல்லவள் என்று நம்பி நீ மறைத்தாய். அவ்வளவு நல்லவள் இல்லை கண்ணு உன் அம்மா. பதினாறு வயதுப் பிள்ளை அம்மாவைப் பற்றி வைத்திருந்த மதிப்பை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு உன்னைப் பற்றி வெளியே சொல்ல வெட்கம் என்றேனே, அந்த வெட்கம் எனக்குச் சேர வேண்டியது.

உன் பெண்டாட்டி போன வாரம் போனில் உளறிவிட்டாள், அவளைத் திட்டாதே. பாக்கி இருந்த இரண்டு பாடத்தையும் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டாயாம். தபால் வழியில் பி.ஏ. சேர்ந்திருக்கிறாயாம். ஷிஃப்ட் முடிந்து வந்து படிக்கிறாயாம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றாயாம். கேட்டதும் போனை வைத்துவிட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான். புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் வாத்தியார் வாய் சும்மா இருக்காது. வேலையும் படிப்புமாக இருக்கும்போது நாம்தான் பெரிய கஷ்டம் படுகிறோம் என்று ஒரு நினைப்பு வரும். அது வந்தால் உடனே புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வீட்டைச் சுற்றிப் பார். தண்ணீர் யார் பிடித்து வைத்தது, உன் சட்டையை யார் துவைத்தது என்று பார். அவளும் வேலைக்குப் போகிறவள். "நான் பாத்துக்கறேன், நீ படி" என்று அவள் சொன்னால் உடனே நம்பிவிடாதே. எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று இரண்டாவது கேள்வி கேள். நம் வீட்டில் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேள்வி கேட்பதில் பட்டம் வாங்கப் போகிறவள் நான்.

அடுத்த வருஷம் ரிடையர் ஆகிறேன். பட்டம் வந்தாலும் அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு எந்த வகுப்புக்கும் போகப் போவதில்லை. பிறகு எதற்கு இந்த அத்தியாயத்தை விடாமல் பிடித்திருக்கிறேன் என்று கேட்பாய். அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும் என்பதற்காகத்தான். திருத்தியும்விட்டேன். இப்போது அங்கே இப்படி இருக்கிறது: "இந்த மாணவனின் வீட்டில் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். அவர் படிப்பு நிற்காமல் இருக்க, இவன் பள்ளிக்கு வரவில்லை." கைடு படித்துவிட்டு, "இதுக்கு ஆதாரம் இருக்கா மேடம்?" என்றார். இருக்கிறது என்றேன். லீவு லெட்டரின் நகலைக் காட்டினேன். இன்னொரு ஆதாரமும் வேண்டும், அது உன்னிடம்தான் இருக்கிறது. நீ சரி என்று சொன்னால்தான் அது ஆதாரம். சொல்லாவிட்டால் அது உன் நைனாவும் நீயும் காத்த ரகசியம், அதை எடுத்து ஊர் பார்க்க வைக்க எனக்கு உரிமை இல்லை. வேண்டாம் என்றால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிடாதே. எனக்காக நீ மறைத்தது போதும்.

பதிலைப் போனில் சொல்லாதே. போனில் கேட்டால் "ம்" என்பாய், அது சரியா வேண்டாமா என்று எனக்கு விளங்காது. வருகிற சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். முன்பக்கம் இருக்கும் லேடீஸ் பெட்டி. மீஞ்சூரில் ஒரு நிமிஷம் நிற்கும். இந்தத் தடவை இறங்கிவிடுவேன். நீ பிளாட்பாரத்தில் இல்லாவிட்டாலும் இறங்குவேன், வழி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன், நீ ஷிஃப்டுக்குப் போயிருந்தால் வரும்வரை உன் பெண்டாட்டிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேள்வித்தாள் கொண்டு வர மாட்டேன். போனில் பதிவு செய்ய மாட்டேன். உன் நைனா சட்டை மாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தபோது கேட்காமல் விட்டதை, உன்னிடம் முதலிலிருந்து கேட்க வருகிறேன். ஏரியில் முதல் நாள் எப்படிப் போனாய், யார் கைபிடித்து ஏற்றினார்கள், பயந்தாயா, நைனா என்ன சொன்னார், எல்லாவற்றையும் நிதானமாகச் சொல். நான் நடுவில் பேச மாட்டேன்.

அம்மா